ஏற்புடையதாக இல்லை

பதினோரு வருடமாக
அந்த ஒரு வரியைத்தான் எழுதி வந்தேன்:
‘தங்கள் விளக்கம் ஏற்புடையதாக இல்லை.’
தட்டச்சர் தேன்மொழி அதைக்
கணினியில் சேமித்தே வைத்திருந்தார்.
இரண்டு எழுத்தை அழுத்தினால்
முழு வரியும் வந்து உட்காரும்.

போன மாதம் அஸ்தம்பட்டியில்,
மாவட்ட நீதிமன்றத்தில்,
மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்காமல்
கடைசி பெஞ்சில் இருந்தேன்.
என் வரியை வேறொருவர் வாய்விட்டு வாசித்தார்.
அதற்கு ஒரு சத்தம் உண்டென்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாகலூர் வெள்ளச்சி, கணவர் சடையன்.
காப்பித் தோட்டம் முக்கால் ஏக்கர்.
அனுமதியின்றி வெட்டிய சில்வர் ஓக் மூன்று.
அபராதம் நாற்பத்தெட்டாயிரம்.
அவர் தந்த பதில் அரைப் பக்கம்,
ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்து:
‘ஐப்பசிக் காற்றில் மரம் சாய்ந்தது ஐயா,
மிளகுக் கொடியோடு சேர்த்து.’

அரசு வழக்கறிஞர் எழுந்து
மலை, மழை, மண்சரிவு என்று
சட்டத்தின் நோக்கத்தை நன்றாகவே சொன்னார்.
அதில் பொய் ஒன்றும் இல்லை.
ஏழாவது கொண்டை ஊசி வளைவில்
பாறை உருண்டு பாதையை மூடிய இரவு
டார்ச்சோடு நின்றவன் நான்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
‘மலைக்குப் போய் அடிக்கட்டையை
நான் எண்ணப் போவதில்லை.
அது உங்கள் வேலை, உங்களுக்குத்தான் தெரியும்.
இந்தம்மா எழுதியது இருபத்தாறாம் பக்கம்.
நீங்கள் எழுதியது இருபத்தேழு.
இதிலிருந்து அதற்கு எப்படி வந்தீர்கள்?
பாதையே காணோமே.’

பிறகு தொகை.
‘ஏன் எட்டாயிரம் இல்லை?
ஏன் எண்பதாயிரம் இல்லை?
காரணம் எழுதாதவரை
எனக்கு எல்லாத் தொகையும் ஒன்றுதான்.’

பிறகு, தாளைக் கிட்டே கொண்டுபோய்,
‘நாலாவது பத்தியில் திரு. செபாஸ்டியன் என்றிருக்கிறதே,
அவர் யார்?’

யாரோ சிரித்தார்கள்.
செபாஸ்டியன் மஞ்சக்குட்டைக் குத்தகைக்காரர்,
லாரி வைத்து மரம் கடத்தியவர்.
அவருக்குப் போட்டது மரத்துக்குப் பதினாறாயிரம்.
அந்தக் கோப்பையே எடுத்து
பெயரை மாற்றினோம், மூன்றால் பெருக்கினோம்.
ஓர் இடத்தில் மட்டும் மனுஷன் தங்கிவிட்டார்.

ஆணை ரத்து.
மறுவிசாரணை, அதே அதிகாரி, ஆறு வாரம்.

ஜெயித்தோமா தோற்றோமா என்று
வெள்ளச்சிக்குப் புரியவில்லை.
வராந்தாவில் வக்கீலைப் பிடித்துக்கொண்டார்.
‘பணம் கட்டணுமா?’
‘இப்போதைக்கு வேண்டாம்.’
‘அப்ப இன்னொருக்கா எறங்கி வரணுமா?’
வக்கீல் என் பக்கம் கையைக் காட்டினார்:
‘இந்தத் தடவை அவர் ஏறி வரணும்மா.’

ஏறினேன். ஜீப் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தது,
அதனால் பஸ்.
இருபது வளைவும் பனிமூட்டம்,
முன்னால் உட்கார்ந்தவருக்கு வாந்தி.
தோட்டத்தில் இரண்டு மரம்
வேரோடு புரண்டு கிடந்தது.
வேர்ப்பிடியில் ஒரு கல் இன்னும் அகப்பட்டிருந்தது,
செம்மண் காய்ந்து ஒட்டி.
மூன்றாவது அப்படியில்லை.
ரம்பம் போன தடம் நேராக, சுத்தமாக.

நான் வாயைத் திறக்கும் முன்னே சொன்னார்:
‘இது காத்து இல்லீங்க. நான்தான்.
மகளுக்கு நர்சிங் பீசு.’
‘பதிலில் ஏன் எழுதவில்லை?’
‘மூணையும் சேத்து ஒரே கேள்வியாக்
கேட்டிருந்தீங்க.’

சுற்றளவு எடுத்தேன், நாலடி இரண்டங்குலம்.
டேப்பின் மறுநுனியை அவர்தான் பிடித்துக்கொண்டார்.
சரிவு எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.
கீழே ஒரு வீடு, ஓட்டுக் கூரை, ஆடு இரண்டு.

இன்றோடு ஐந்தாவது வாரம் முடிகிறது.
தேன்மொழி கேட்கிறார்,
‘சார், பழைய வரியையே போட்டுடட்டுமா?’
வேண்டாம், நான் சொல்லச் சொல்ல அடியுங்கள்.

சாய்ந்த இரண்டு மரத்துக்கும்
எட்டு வரியில் முடிந்துவிட்டது.
ஏற்கப்படுகிறது என்று சொன்னபோது
அந்தச் சொல்லை அவர்
எழுத்துக்கூட்டித்தான் அடித்தார்.

மூன்றாவதில் நிற்கிறேன்.
நர்சிங் பீசும் கீழே அந்த ஓட்டுக் கூரையும்
ஒரே பத்தியில் வரவேண்டும்.
விரல்களை விசைமேல் வைத்தபடி
அவர் காத்திருக்கிறார்.
‘சொல்லுங்க சார்.’